யானை கேட்ட கேள்வி

போன வாரம் ஒரு காலை. கொழும்பில் எங்கள் அலுவலகக் கன்டீனில் ரொட்டியும் பருப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைபேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. தெரியாத இலக்கம். அமுக்கினால் ஒரு பெண்பிள்ளையின் குரல்.

"மாமா, நான் தர்ஷினி. மகேஸோட மக. அம்மாதான் நம்பர் தந்தாங்க. ஸ்கூல்ல புரொஜெக்ட் ஒண்ணு செய்யணும். அதுக்கு டேட்டாபேஸ் வேணுமாம். ஓப்பன் சோர்ஸ்ல சும்மா கெடைக்கிறது எதையாச்சும் எடுக்கச் சொல்றாங்க டீச்சர். நெட்ல பாத்தா நெறையக் கெடக்கு. மொதமொதல்ல படிக்கிறவங்க எத எடுக்கிறது மாமா? நீங்க மொதல்ல எத எடுத்தீங்க?"

அதோடு முடிந்திருந்தால் இரண்டு வரி பதில் அனுப்பிவிட்டு ரொட்டியைத் தின்றிருப்பேன். இதுதான் என் பிழைப்பு. பேர், தேதி, இலக்கம் என்று ஊர்ப்பட்ட விஷயங்களை நிரல் நிரலாக அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துத் தருகிற டேட்டாபேஸ் என்கிற பெட்டகத்துக்குக் காவல் இருந்துதான் சோறு தின்கிறேன். ஆனால் செய்தி முடிவதற்குள் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. அடுப்படியில் நின்றுகொண்டு எட்டிச் சொல்கிற குரல்.

"ஏய், அதக் கேக்காதடி. பாவம், அவரோட மொத கம்பியூட்டரு வெள்ளத்துல போச்சு. ஞாபகப்படுத்தி நோகடிக்காத."

ரொட்டியைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினேன்.

மகேஸ் என்கிற மகேஸ்வரியும் நானும் ஒரே இறப்பர்த் தோட்டம், ஒரே பள்ளிக்கூடம், ஒன்பதாம் வகுப்புவரை ஒரே வகுப்பு. என்னைவிட உயரம். அதனால் தான்தான் மூத்தவள் என்று அவளாகவே முடிவுகட்டி என்னை அதட்டிக்கொண்டிருப்பாள். உண்மையில் யார் மூத்தவர் என்று காட்ட அவளிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. நான் பிறந்தபோது என் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு ருவான்வெல்லைக்கு நடந்து போய்ப் பிறப்பைப் பதிந்தார். அவளுடைய அப்பா "பொறகு பாத்துக்கலாம்" என்றவர். அந்தப் 'பொறகு' வரவே இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது பெரிய மாஸ்டர் அவர் பாட்டுக்கு ஜனவரி ஒன்று என்று போட்டுக்கொண்டார். எங்கள் வகுப்பில் ஐந்து பேருக்கு ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தநாள். அதை நாங்கள் யாரும் அதிசயமாக நினைத்தது கிடையாது.

நிஜமான தேதி இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், பிள்ளைமடுவம். அம்மாமார் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீளக் கட்டடம். எங்கள் தோட்டத்தில் அது இறப்பர் ஸ்டோருக்கு அடுத்தாற்போல் இருந்தது. பாலை உறைய வைக்க ஊற்றும் அசிட்டின் புளித்த வாடை, பிள்ளைப் பவுடர் வாடை, காயாத துணி வாடை மூன்றும் சேர்ந்து அங்கே ஒரு தனி வாடை உண்டு. எங்கள் தோட்டத்தில் பிறந்தவர்களைக் கண்ணைக் கட்டி விட்டாலும் வாடையைப் பிடித்துக்கொண்டு மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இன்றைக்கும் எங்கேயாவது வினாகிரிப் போத்தலைத் திறந்தால் எனக்கு நாலு வயதாகிவிடுகிறது.

மடுவத்தைப் பார்த்துக்கொண்டவர் பார்வதியக்கா. நான் சொல்கிற காலத்தில் ஐம்பது வயது இருக்கும். குள்ளம், வெற்றிலை, லயம் என்கிற வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும் கேட்கிற குரல். புதுப் பிள்ளையோடு யார் வந்து நின்றாலும் முதல் கேள்வி, "எப்பப் பொறந்துச்சு? சரியாச் சொல்லு." கெட்டி அட்டை போட்ட நீளமான சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொள்வார். இலக்கம், பிள்ளையின் பேர், தாயின் பேர், எந்த லயம், அதில் எந்தக் காம்பரா என்கிற அறை, பிறந்த தேதி. ஓரத்தில் தன் வசதிக்கு ஒரு குறிப்பு. "தாய் வந்தாத்தான் தூங்கும்." "சீனி குடுக்காதே." என் பேருக்கு நேரே "கோவக்காரன், கடிக்கும்" என்று இருந்தது. மகேஸுக்கு "தூங்கினாலும் கை மூடியே இருக்கும்." மூன்று கொப்பிகள், நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். ஆபீசில் இருந்த பதிவேடு தோட்டம் கைமாறியபோது எங்கேயோ போய்விட்டது. ஆகவே அந்த மூன்று கொப்பிகளை விட்டால் நாதி இல்லை.

எனக்கு அப்போது இருபது வயது. ருவான்வெல்லை கடைவீதியில், மாவனல்லைக்காரர் ஒருவரின் கொமியூனிகேஷன் கடையில் வேலை. போட்டோக்கொப்பி, டைப்பிங், டெலிபோன் கார்ட். முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மகன் என்பார். தோட்டத்துக்குக் கடைசி பஸ் நேரத்தோடே போய்விடும் என்பதால் கிழமை நாட்களில் கடையின் பின்னறையில் தங்கிக்கொள்வேன். அங்கே நானா ஒதுக்கித் தந்த பழைய கம்பியூட்டர் ஒன்று இருந்தது. தோட்டத்தில் அப்போது கம்பியூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் "கம்பியூட்டர் தம்பி வருது" என்பார்கள். கேட்காதது மாதிரி நடப்பேன். நன்றாகவே கேட்கும்.

அந்தக் கடைக்குத்தான் ஒரு நாள் மகேஸ் வந்தாள். குடையை மடக்கி வாசலில் வைத்துவிட்டு, கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசினாள்.

"கார்மெண்டுக்கு அடுத்த மாசம் ஆள் எடுக்கிறாங்களாம். நம்ம லயத்துல மூணு பேரு போறாங்க. ஐ.டி. இல்லாட்டி கேட்டுலேயே திருப்பி அனுப்பிருவாங்களாம். உப்பன்ன இல்லாம ஐ.டி. தரமாட்டேங்கிறாங்க."

உப்பன்ன என்று நாங்கள் பாதிச் சிங்களத்தில் சொல்வது பிறப்புச் சான்றிதழை. பதிவுக் கந்தோரில் அவளிடம் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: தோட்டத்தில் எழுதி வைத்த கடதாசி ஏதாவது இருந்தால், தோட்டத்தை நடத்துகிற துரையின் கையெழுத்தோடு கொண்டு வா, பார்ப்போம். பார்வதியக்காவின் கொப்பியைத் துரையிடம் கொண்டுபோனால், அவர் அதன் சுண்ணாம்புக் கறையைப் பார்த்துவிட்டு, "டைப் அடிச்சுக் கொண்டா, கொப்பிய வச்சு சரி பாத்துப் போடுறேன்" என்றிருக்கிறார்.

"ஒரு வரிதான். நீ அடிச்சுக் குடுத்துரு" என்றாள்.

ஒரு வரிதான். நீங்களே சொல்லுங்கள், பத்து நிமிஷ வேலை இல்லையா? அன்றைக்கே அடித்துக் கொடுத்திருந்தால் அவள் அந்தக் கையோடு தோட்டத்துக்குப் போய்க் கையெழுத்து வாங்கியிருப்பாள். கம்பியூட்டர் தம்பிக்கு ஒரு வரி எந்த மூலைக்குக் காணும்?

"ஒரு வரி எதுக்கு? மூணு கொப்பியையும் உள்ள ஏத்திர்றேன். அப்புறம் யாரு வந்து கேட்டாலும் ஒரு பட்டன். பேரு சொன்னா தேதி, தேதி சொன்னா பேரு. கொஞ்சம் பொறு" என்றேன்.

"அடுத்த மாசம்டா."

"அதுக்குள்ள முடிஞ்சிரும்."

அவள் என்னை நம்பினாள். பார்வதியக்காவும் நம்பினார். மூன்று கொப்பிகளையும் பழைய சேலைத் துணியில் சுற்றி என் கையில் தந்தார். "பத்திரம் தம்பி, இது எம்புள்ளைங்க" என்றார்.

இனி ஏற்றுவதற்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும். கொழும்பிலிருந்து வந்த கம்பியூட்டர் பத்திரிகை ஒன்றோடு ஒரு சீடி இருந்தது. அதில் மூன்று டேட்டாபேஸ்கள், மூன்றுமே ஓப்பன் சோர்ஸ். நானா சீடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எனத்துக்கு மகன் சும்மா தாராங்க?"

"உள்ள எப்படிச் செஞ்சிருக்குன்னு யாரு வேணுன்னாலும் தொறந்து பாக்கலாம் நானா. பிழை இருந்தா திருத்தலாம். ஒளிவு மறைவு இல்ல."

"நீ தொறந்து பாத்தியா?"

நான் திறந்து பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் இன்றுவரை பார்த்ததில்லை.

மூன்றுக்கும் மூன்று சின்னங்கள். ஒன்றுக்கு இறகு, ஒன்றுக்கு யானை, ஒன்றுக்கு டால்ஃபின். இப்போது என்னிடம் யாராவது வந்து எதை எடுப்பது என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். எத்தனை பேர் ஒரே சமயத்தில் எழுதப் போகிறார்கள், பெட்டகம் எங்கே இருக்கப் போகிறது, எந்த மொழியில் எழுதப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்பேன். அன்றைக்கு நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று எந்த மேடையிலும் சொன்னதில்லை.

இறகை முதலில் தள்ளினேன். கம்பியூட்டரில் போட்டுக் கேட்கிற ஒரு பாட்டைவிடச் சின்னதாக இருந்தது. எங்கள் தோட்டத்தையே ஏற்றப்போகிறேன், இந்தச் சுண்டைக்காய் தாங்குமா என்று இளக்காரம். அது எங்கள் தோட்டம் மாதிரி நூறு தோட்டத்தை அலுங்காமல் தாங்கியிருக்கும், தமிழையும் மறுபேச்சில்லாமல் வைத்துக்கொண்டிருக்கும்.

அடுத்து யானை. யானைகளுக்குப் பேர்போன கேகாலைப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு யானை பெரிய விஷயம் இல்லை. சரி பார்ப்போம் என்று போட்டேன். போடப் போட அது கேள்வி கேட்டது. கடவுச்சொல் என்ன? மறுபடி சொல். எந்த வழியாக வந்து பேசுவாய்? அதற்கும் பதில் சொன்னால் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. எந்த நாடு, எந்த மொழி, எந்த மொழியின் முறைப்படி எழுத்தை வைத்துக்கொள்ளட்டும்? அந்த இடத்தில் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. என்னைக் கோவக்காரன் என்று பார்வதியக்கா சரியாகத்தான் எழுதியிருந்தார்.

என் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு நீங்கள் என் அப்பாவோடு ஒரு முறை கவுண்டரில் நின்றிருக்க வேண்டும். எனக்கு ஐ.டி. எடுக்கப் போன அன்று பக்கத்தில் நான் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாத்தயா. பேர் என்ன, அப்பா பேர் என்ன, அது ஏன் இதில் ஒரு மாதிரி அதில் ஒரு மாதிரி இருக்கிறது, எந்தத் தோட்டம், அதற்கு முன்னால் எங்கே, உன் அப்பா எங்கே பிறந்தார்? அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். சந்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கவுண்டர் முன்னால் நின்றால் மட்டும் அத்தனை சிங்களமும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடும். "ஓவ் மாத்தயா." ஆமாம் ஐயா. எதைக் கேட்டாலும் ஓவ். எங்கள் லயத்தில் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். மறுத்துப் பேசினால் "ஹெட்ட என்ட" என்பார்கள், நாளைக்கு வா என்று. நாளைக்கு என்றால் இன்னொரு நாள் வேலை போச்சு. ஓவ் என்றால் முத்திரை விழும், வீட்டுக்குப் போகலாம். அப்படி விழுந்த ஓர் ஓவில் என் பேரின் வாலில் ஓர் எழுத்துக் கூடிவிட்டது. என் கடவுச்சீட்டில் அது இன்றைக்கும் இருக்கிறது.

ஆக, கேள்வி கேட்பவன் யாராக இருந்தாலும் அவன் எங்களைத் திருப்பி அனுப்பத்தான் கேட்கிறான் என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. சும்மா கிடைத்த ஒரு சீடியும் என்னை உட்காரவைத்து எந்த நாடு, எந்த மொழி என்று விசாரிக்கிறதா? போடா என்று யானையை மூடினேன்.

டால்ஃபின் எதுவும் கேட்கவில்லை. கேட்ட இரண்டொன்றுக்கும் பதில் ஏற்கெனவே நிரப்பியிருந்தது. நான் அமுக்க வேண்டியது ஒரே பட்டன். அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கினேன். ஓவ், ஓவ், ஓவ். ஐந்தே நிமிஷம். என்ன மரியாதையான சாமான் என்று நானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டால்ஃபின்மேல் ஒரு பிழையும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ் எழுதப்போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வைத்துக்கொண்டிருக்கும். நான் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அந்தக் காலத்தில் அது இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டும்தான் இடம் போடும்.

போட்டதும் சோதித்தேன். என் பேரை இங்கிலீஷில் அடித்தேன், சேமித்தேன், திறந்து பார்த்தேன். இருந்தது. என் ஒருவனுடைய பேர் இங்கிலீஷில் ஒழுங்காக இருந்ததும் உலகமே சரியாகிவிட்டது என்று குதித்தேன். பிறகு கொப்பியிலிருந்து ஏற்றத் திரையில் ஒரு பக்கம் செய்தேன். தமிழில் அடித்துப் பட்டனை அமுக்கினால் பச்சை எழுத்தில் "சேமிக்கப்பட்டது" என்று வரும். அது பட்டனை அமுக்கினாலே வருகிற மாதிரி நான் எழுதி வைத்தது. உள்ளே என்ன போனது என்று அதற்குத் தெரியாது. கீழே ஒவ்வொரு தடவையும் சின்ன எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அது கண்ணை உறுத்தியதால், அதை வராமல் செய்ய ஒரு வழி தேடிப் பிடித்து நிறுத்தினேன். பெருமையாக இருந்தது.

கடை திறக்குமுன் ஒரு மணி நேரம், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரம் என்று அடித்தேன். ஓரக் குறிப்புகளை விட்டுவிட்டேன். "கோவக்காரன்" எல்லாம் டேட்டாபேஸுக்கு எதற்கு? என் வரிக்கு அடுத்த வரி மகேஸுடையது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். நான் பிறந்ததற்கு மறுநாள் பிறந்திருக்கிறாள். இத்தனை நாள் என்ன அதட்டு அதட்டினாள்! பிரின்ட் எடுத்துக் கையில் கொடுக்கும்போது சொல்லி மானத்தை வாங்கவேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று கொப்பியும் முடிந்தது. ஞாயிறு மகேஸ் கேட்டாள். பட்டியல் அழகாக வரவேண்டும், மேலே தோட்டத்துப் பேர் கொட்டை எழுத்தில் வரவேண்டும் என்று அதற்கு ஒரு வாரம் சொன்னேன். பார்வதியக்கா கொப்பியைக் கேட்டார். அடுத்த ஞாயிறு என்றேன். கொப்பிகளைத் துணியோடு ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தேன். அதற்கு இனி என்ன வேலை?

அந்த வாரம்தான் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நாலாம் நாள் காலை ஆறு கடைவீதிக்குள் வந்தது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்கதவுக்கடியில் தண்ணீர் வந்தது, அடுத்த பத்து நிமிஷத்தில் முழங்கால். நானா முன்பக்கத்திலிருந்து கத்தினார்.

"மகன், பெட்டியத் தூக்கு! பெட்டியத் தூக்கு!"

கம்பியூட்டர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பக்கத்து ஹார்ட்வெயார் கடையின் மாடிக்குக் கொண்டுபோனேன். திரும்பி வந்து மானிட்டர். திரும்பி வந்து நானாவோடு சேர்ந்து போட்டோக்கொப்பி மிஷின். நாலாம் முறை வரும்போது இடுப்புவரை தண்ணீர். என் கட்டில் மிதந்தது. அதன் பக்கத்தில் அந்தக் கடதாசிப் பெட்டியும் மிதந்தது. ஒரு முனையில் சேலைத் துணி வெளியே வந்து கிடந்தது. கண்ணால் பார்த்தேன். எட்டிப் பிடிக்கிற தூரம். 'அதுதான் உள்ளே இருக்கே' என்று மனசு சொன்னது. மேசைமேல் இருந்த கீபோர்டையும் மின்சாரம் போனால் உதவுகிற பேட்டரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனேன்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரத்தில் கரண்ட் வந்தது. கம்பியூட்டர் நனையவே இல்லை. போட்டதும் வேலை செய்தது. நானா அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் மகேஸின் வரியைப் பிரின்ட் எடுக்க உட்கார்ந்து, முதல் முறையாக எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். இலக்கம் இருந்தது. லயம், காம்பரா இலக்கங்கள் இருந்தன. தேதி எல்லாம் ஒன்றுவிடாமல் சரியாக இருந்தது. பேர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள். பிள்ளையின் பேர், கேள்விக்குறி. தாயின் பேர், கேள்விக்குறி. கீழே போனேன், கடைசிவரை போனேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பேர் இருந்தது. நான் சோதித்துப் பார்த்த என் பேர், இங்கிலீஷில்.

எழுத்து மறைந்திருக்கிறது, எப்படியாவது திரும்பி வரும் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். வராது. உள்ளே போகும்போதே அது கேள்விக்குறியாகத்தான் போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது என்னிடம் சொல்லியிருக்கிறது. அந்த எச்சரிக்கையைத்தான் நான் வாயை மூடவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். மடுவத்து வாசலில் பார்வதியக்கா நின்றிருந்தார்.

"உசுரோட வந்தியே, அது போதும். கொப்பி என்னாச்சு தம்பி?"

"வெள்ளத்துல போச்சுக்கா."

முகம் மாறிவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டார். "மிஷின்ல ஏத்திட்டேன்னியே. அதுல இருக்குமில்ல?" என்றார்.

இருக்கிறது அக்கா, பேர் மட்டும் அழிந்துவிட்டது, என் பிழை என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? சொன்னால், கம்பியூட்டர் தம்பி தமிழில் ஒரு பேர் எழுதத் தெரியாமல் நானூறு பேரை அழித்தான் என்று லயத்துக்கு லயம் சிரிப்பார்கள். வெள்ளம் என்றால் யார் என்ன சொல்ல முடியும்?

"மிஷினும் போச்சுக்கா" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு தன்பாட்டில் சொன்னார். "பேரெல்லாம் மனசுல இருக்கு தம்பி. இந்தக் காம்பராவுல எது மூத்தது, எது எளையது, எல்லாம் சொல்லிருவேன். தேதிதான் எனக்கு நிக்காது. அதுக்குத்தானே எழுதி வச்சேன். தேதி போச்சே."

தேதி போகவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தேதியும் ருவான்வெல்லையில் என் பின்னறையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். துக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து மகேஸ் கடைக்கு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் போட்டோக்கொப்பி மிஷினுக்குப் பின்னால் போய்விட்டேன். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சலைக் கவுண்டரில் வைத்தாள்.

"ஒன் ரூம்புல எல்லாம் போயிருச்சாமே. அம்மா கட்டித் தந்தாங்க. கருவாடு இருக்கு, சாப்பிடு."

"ஒன்னோட..." என்று இழுத்தேன்.

"என்னோடதுக்கு என்னா, வேற வழி பாத்துக்கலாம். வெள்ளத்தப் புடிச்சு ஜெயில்ல போடவா முடியும்?"

அவள் அதட்டாத ஒரே நாள் அதுதான். அவள் போனபின் அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன். பசித்தது, சாப்பிட்டேன். அதைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

கார்மெண்டுக்கு அந்த மூன்று பேரும் போனார்கள். மகேஸ் அவள் அம்மாவோடு பால் வெட்டப் போனாள். மூன்று வருஷம் கந்தோர் கந்தோராக அலைந்து, கடைசியில் டாக்டர் ஒருவர் பல்லையும் எலும்பையும் பார்த்துச் சொன்ன கணக்கில் உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று வாங்கினாள். அதன்படி என்னைவிட இரண்டு வயது மூத்தவள். "பாத்தியா, கவுர்மெண்டே சொல்லிருச்சு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. பார்வதியக்கா சில வருஷங்களில் செத்துப்போனார். சாவுக்கு நான் போகவில்லை. லீவு இல்லை என்று சொன்னேன். லீவு இருந்தது.

போன வாரம் கை கழுவிவிட்டு வந்து தர்ஷினிக்குப் பதில் எழுதினேன். யானையை எடு, நிறையக் கேள்வி கேட்கும், ஒவ்வொன்றையும் வாசித்துப் பதில் சொல், தெரியாவிட்டால் என்னைக் கேள். முதல் பேரைத் தமிழில் எழுதி, திறந்து பார். அதை அனுப்பினேன். நீங்கள் முதலில் எதை எடுத்தீர்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது. மறுபடி எடுத்து, "அம்மாகிட்ட போனக் குடு" என்று எழுதினேன்.

மகேஸிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப வெள்ளத்துல போகலையா?"

"இல்ல."

"நான் சோறு கொண்டாந்தேனே."

"ம்."

போனை வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"நான் என்னைக்குப் பொறந்தேன்?"

சொன்னேன். கம்பியூட்டர் மாறும்போதெல்லாம் அந்தப் பட்டியலையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன், அழிக்க மனசு வரவில்லை என்றும் சொன்னேன். என் பிறந்தநாளுக்கு மறுநாள் என்றதும் அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள்.

"என்னுது தெரிஞ்சுருச்சு. மத்தவங்களுது?"

நான் பட்டியலைத் திறந்தேன்.

"அனுப்பு" என்றாள். பழைய அதட்டல் அப்படியே இருந்தது.

அனுப்பினேன். தர்ஷினி அதைத்தான் இப்போது தன் புரொஜெக்டாக எடுத்து, யானைக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தாயும் மகளும் காம்பரா இலக்கத்தை வைத்துக்கொண்டு லயத்தில் விசாரித்துப் பார்க்கிறார்களாம். எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. பாதி லயத்தை இடித்துவிட்டார்கள். மடுவம் இருந்த இடத்தில் வெறும் சீமெந்துத் தரை. ஸ்டோர் மூடியதும் அந்த அசிட் வாடையும் போய்விட்டது. ஆட்கள் மாவனல்லை, எம்பிலிப்பிட்டிய, கொழும்பு, வெளிநாடு என்று ஆளுக்கொரு பக்கம். நேற்று வரைக்கும் பத்தொன்பது பேருக்குப் பேர் கிடைத்திருக்கிறது என்று தர்ஷினி அனுப்பியிருக்கிறாள்.

பார்வதியக்காவிடம் பேர் இருந்தது, என்னிடம் தேதி இருந்தது. மடுவத்து வாசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு மத்தியானம் போதும்.